மடிக்கணினியும் வெந்தயத் தண்ணீரும்

என் லேப்டாப்பின் பிராசஸர் சும்மா இருக்கும்போது நாற்பத்தெட்டு டிகிரியில் இருக்கும். ஒரு கட்டடத்தின் முழு இரும்புச் சட்டத்தையும் திரையில் திறந்து சுற்றிப் பார்த்தால் தொண்ணூறைத் தொடும். நூறை நெருங்கினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறினால் அணைந்துவிடும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். திரையின் வலது கீழ் மூலையில் அந்த எண்ணைக் காட்டும் ஒரு சின்ன மென்பொருளைப் போட்டு வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதுகூட என் கண் அங்கே போய்விட்டுத் திரும்பும். என் மனைவியின் ரத்த வகை என்ன என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் அவளைக் கேட்டுத்தான் சொல்லியிருப்பேன்.

நான் செய்வது வரைபட வேலை. இரும்பில் கட்டும் கிடங்கு, தொழிற்சாலைக் கூடம் போன்றவற்றுக்கு எந்தத் தூணில் எந்த உத்திரம் சேர வேண்டும், எத்தனை போல்ட், துளை எங்கே என்று ஒவ்வொன்றாகக் கணினியில் வரைந்து கொடுக்க வேண்டும். திருச்சியில் இந்த வேலை தெரிந்தவர்கள் தெருவுக்கு ஒருவர் கிடைப்பார்கள். கொரோனாவுக்கு முன்பு கண்டோன்மென்ட் பக்கம் ஏசி போட்ட ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தோம். கொரோனா வந்ததும் ஆளுக்கு ஒரு லேப்டாப் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டிலிருந்தே வேலை நடக்கிறது என்று தெரிந்த பிறகு திரும்பக் கூப்பிடவில்லை.

நாங்கள் இருந்தது ஸ்ரீரங்கத்தில் ஒரு மூன்றாவது மாடி வாடகை வீடு. மேலே நேராக மொட்டை மாடி. சித்திரை, வைகாசியில் பதினொரு மணிக்கே கூரை காய்ந்துவிடும். அந்தச் சூட்டை மின்விசிறி அள்ளி எங்கள் தலையில் கொட்டும். ஏசி படுக்கையறையில் இருந்தது, ஆனால் இணையம் அந்த அறைவரை ஒழுங்காக எட்டாது. மேசையும் இருந்தது. அது காற்று வராத மூலையில், சுவரை ஒட்டி இருந்தது. அதன்மேல் என் மனைவி திருத்த வேண்டிய பரீட்சைத் தாள்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். அவள் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அதனால் நான் கூடத்தின் நடுவில், மின்விசிறிக்கு நேர் கீழே பாயை விரித்து, சோபாவில் முதுகைச் சாய்த்து, லுங்கியோடு கால் நீட்டி உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டேன். மடிக்கணினி என்று பெயர் வைத்தவர்கள் யோசிக்காமலா வைத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆரம்பத்தில் மடிக்கும் அதற்கும் நடுவே ஓர் இலவம்பஞ்சுத் தலையணை இருந்தது. எனக்குச் சூடு தெரியவில்லை. ஆனால் காற்று போகும் துளைகள் அதன் அடிப்பக்கத்தில் இருந்தன. தலையணை அவற்றை அடைத்துக்கொண்டது. எண் தொண்ணூற்றாறு, தொண்ணூற்றெட்டு என்று ஏறியது. உள்ளே இருக்கும் குட்டி விசிறி, விசில் வருவதற்கு முன்னால் குக்கர் போடும் சத்தத்தைப் போட்டது. படத்தை ஒரு பக்கம் திருப்பினால் அரை நிமிடம் கழித்துத்தான் அது திரும்பியது. ஒருநாள் தலையணையை எடுத்துவிட்டு நேராகத் தொடைமேல் வைத்தேன். இரண்டு தொடைகளையும் கொஞ்சம் அகட்டி வைத்துக்கொண்டால் நடுவில் காற்று போனது. எண் தொண்ணூறுக்கு இறங்கியது. ஏதோ கண்டுபிடித்துவிட்டவன்போல எனக்குப் பெருமை. அதற்கு மூச்சு முட்டுகிறதே என்று என் தலையணையைப் பறித்து அதற்கு வசதி செய்து கொடுத்தேன். அது விடும் மூச்சு என்மேல்தான் படுகிறது என்பதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. தொடை ரொம்பச் சுட்டால் கொஞ்சம் நகர்த்தி வைப்பேன். பிறகு பழகிவிட்டது. எதுவும் பழகிவிடும் என்பதை ஒரு நல்ல குணமாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் இப்போது நம்பிக்கை இல்லை.

அடுத்த கோடையில் எண் மறுபடியும் ஏறியது. தெப்பக்குளம் பக்கம் ஒரு ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் அடிமூடியைக் கழற்றிப் பார்த்தார்.

“எங்க சார் வெச்சு யூஸ் பண்றீங்க?”

“வீட்லதாங்க.”

“வீடு சரி சார். உள்ள பாருங்க, பஞ்சா அடைச்சிருக்கு. மெத்தைக் கடை ஏதும் வெச்சிருக்கீங்களா?”

அவர் தூசியை ஊதி எடுத்து, பிராசஸருக்கும் அதன் சூட்டை இழுக்கும் தகட்டுக்கும் நடுவே புதிதாகப் பசை தடவிக் கொடுத்தார். எண் எண்பத்து நான்குக்கு வந்தது. அன்று சாப்பிடும்போது மனைவியிடம் இந்த நற்செய்தியைச் சொன்னேன். அவள் “அப்படிங்களா, நல்லதுங்க” என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலைக்காக ஒரு டம்ளர் தண்ணீரில் வெந்தயத்தை ஊறப்போட்டாள்.

அந்த வெந்தயம் என் அம்மாவின் ஏற்பாடு. எங்களுக்குக் கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஆகியும் குழந்தை இல்லை. அம்மா உறையூரில் இருக்கிறாள். அப்பா இறந்து, என் தங்கையும் கல்யாணமாகி கே.கே. நகருக்குப் போன பிறகு, அம்மாவுக்கு மிச்சமிருந்த ஒரே கவலை இதுதான். காரணத்தை அவள் முதல் வருஷமே கண்டுபிடித்துவிட்டாள். மருமகளுக்கு உடம்பு சூடு. “வையம்பட்டி வெயில்ல அலைஞ்சு வளந்த உடம்பு. கர்ப்பப்பை காஞ்சு கெடக்கும். சூட்டைத் தணிச்சா தானா நிக்கும்” என்று அவள் சொன்னால், கேட்டுக்கொண்டிருக்கும் நான்கு பேரும் தலையாட்டுவார்கள். எங்கள் பக்கத்தில் இந்த ஒரு வைத்தியத்தில் மட்டும் எல்லோரும் டாக்டர்கள்.

சூட்டைத் தணிக்க என்னவெல்லாம் உண்டோ அத்தனையும் என் மனைவிக்கு நடந்தன. காலையில் வெறும் வயிற்றில் வெந்தயத் தண்ணீர். செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய்க் குளியல். கற்றாழைச் சோற்றை ஏழு தண்ணீரில் கழுவி மோரில் கலக்கிக் குடிக்க வேண்டும். எள், கோழி, பப்பாளி, மாம்பழம் எல்லாம் கூடாது. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஈரத்தலையோடு பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் போவாள். திங்கட்கிழமைவரை மூக்கு அடைத்துக்கொண்டிருக்கும். அந்த மூக்கோடுதான் இயற்கணிதம் நடத்தினாள்.

மாம்பழம்தான் அவளுக்கு நிஜமான தண்டனை. வையம்பட்டியில் அவள் அப்பாவின் கிணற்றடியில் நான்கு மாமரங்கள். ஒவ்வொரு வருஷமும் வைக்கோல் அடைத்த ஒரு பெட்டி பஸ்ஸில் வந்து இறங்கும். அவள் பெட்டியைப் பிரித்து, பழுத்ததைத் தனியாக எடுத்து வைத்து, தோல் சீவி, துண்டு போட்டு எனக்குத் தருவாள். மடியில் தொண்ணூறு டிகிரியை வைத்துக்கொண்டு நான் மாம்பழம் சாப்பிட்டேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து மோர் குடித்தாள். மூன்று கோடை இப்படிப் போயிற்று. அதில் தப்பாக எதுவும் எனக்குத் தோன்றவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் தொடையில் இருந்த தடத்தை முதலில் பார்த்ததும் அவள்தான். ஒருநாள் லுங்கியை மடித்துக் கட்டியிருந்தபோது, “என்னங்க இது, வலை போட்ட மாதிரி?” என்று கேட்டாள். இரண்டு தொடைகளிலும் பழுப்பு நிறத்தில் ஒரு வலை படிந்திருந்தது. அரிக்கவில்லை, வலிக்கவில்லை. லுங்கிச் சாயமாக இருக்கும் என்றேன். அவள் படை என்று நினைத்துத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். தடவும்போது, “இந்த இடம் இப்படிச் சுடுதே” என்றாள். வேலை செய்யும் உடம்பு சுடாமல் என்ன செய்யும் என்று பதில் சொன்னேன். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பது என் சுபாவம்.

தில்லைநகரில் ஒரு பெண் டாக்டரிடம் அவள் போக ஆரம்பித்தாள். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். கருக்குழாயில் மருந்து செலுத்திப் படம் எடுத்த நாளில் எனக்கு ஒரு வரைபடத்தை அனுப்பி முடிக்க வேண்டியிருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் தனியாகத் திரும்பி வந்தாள். எல்லா முடிவிலும் குறை ஒன்றும் இல்லை என்றுதான் வந்தது. “மெஷினுக்கு என்ன தெரியும் உடம்புச் சூடு?” என்றாள் அம்மா. டாக்டரோ ஒவ்வொரு தடவையும் கணவரை வரச் சொல்லி அனுப்பினார். நான் இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனேன். “நம்ம வீட்டு ஆம்பளைங்களுக்கு என்னடா டெஸ்ட்டு, உங்க தாத்தாவுக்கு எட்டு” என்று அம்மா சொன்னாள். தாத்தாவின் எட்டுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பேச்சு வசதியாக இருந்தது.

விசேஷம் உண்டா என்ற கேள்வி அவளிடம் மட்டும்தான் வந்தது. டவுன் பஸ்ஸில், கோயில் வரிசையில், பள்ளிக்கூட ஆசிரியர் அறையில், காய்கறிக் கடையில். என்னிடம் யாரும் கேட்டதில்லை. என்னிடம் கேட்டதெல்லாம் எந்த லேப்டாப் வாங்கலாம் என்பதுதான்.

கல்யாணமான ஆறாவது வருஷம் ஒரு சனிக்கிழமை அவள் பரீட்சைத் தாளைத் திருத்திக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: “நான் இனிமே தனியா போக மாட்டேங்க. நீங்க வந்தா வரேன்.” குரலில் கோபம் இல்லை. அவள் கோபித்திருந்தால் நான் பதிலுக்குக் கோபித்துத் தப்பித்திருப்பேன். அந்த வழியும் இல்லாததால் போனேன். பரிசோதனைக்குக் கொடுத்தேன். அது எப்படி நடந்தது என்று எழுத எனக்குத் தைரியமில்லை, அவசியமும் இல்லை.

முடிவு வந்த அன்று இருவரும் டாக்டருக்கு எதிரே உட்கார்ந்தோம். அவர் தாளைப் படித்தார். எண்ணிக்கையும் குறைவு, அசைவும் குறைவு என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: “என்ன வேலை பாக்கறீங்க?”

சொன்னேன்.

“லேப்டாப்பை எங்க வெச்சு வேலை செய்வீங்க?”

ரிப்பேர் கடைக்காரர் கேட்ட அதே கேள்வி. இந்தத் தடவை வீடு என்று சொல்லத் தோன்றவில்லை. “மடியிலதாங்க.”

“எவ்வளவு நேரம்?”

“எட்டு மணி நேரம், ஒன்பது மணி நேரம். நாலஞ்சு வருஷமா.”

தொடையில் ஏதும் தடம் இருக்கிறதா என்று கேட்டார். நான் யோசிப்பதுபோல் பாவனை செய்வதற்குள் என் மனைவி, “இருக்குங்க டாக்டர், வலை மாதிரி” என்றாள்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். “அது சூட்டுத் தடம். வெந்த தோல்னு வெச்சுக்கோங்க. உடம்புச் சூட்டைவிட ரெண்டு டிகிரியாவது கம்மியா இருக்கணும்னுதான் அந்த உறுப்பு உடம்புக்கு வெளியில இருக்கு. நீங்க அங்க அடுப்பு வெச்சிருக்கீங்க. இதனாலதான் இப்படி ஆச்சுன்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன், வேற காரணமும் இருக்கலாம். ஆனா இது நீங்களா நிறுத்தக்கூடிய விஷயம். மேசையில வெச்சு வேலை பாருங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடி டெஸ்ட் எடுப்போம்.” பிறகு என் மனைவியிடம் திரும்பி, “உங்களுக்கு ஒண்ணும் பண்ண வேண்டாம்மா. நல்லா சாப்பிடுங்க” என்றார்.

பிராசஸருக்கு எத்தனை டிகிரி ஆகும், எத்தனை ஆகாது என்று தெரிந்து வைத்திருந்தவனுக்குத் தன் உடம்பின் கணக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை. ஆறு வருஷம் ஒரு வீட்டில் சூட்டைத் தேடியிருக்கிறார்கள், தேடியது தப்பான ஆளிடம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதைப் பழமொழியாகக் கேட்டிருக்கிறேன். அன்று அதை என் கண்ணால் பார்த்தேன், பாவத்தின் பக்கம் நின்று.

வெளியே வந்தோம். சாலையோரத்தில் ஒரு பழ வண்டி. பப்பாளியும் தர்பூசணியும் துண்டு போட்டு வைத்திருந்தார்கள். என் மனைவி நேராக அந்த வண்டிக்கு முன்னால் போய் நின்று, “ஒரு ப்ளேட் பப்பாளி குடுங்க” என்றாள். நின்றபடியே குச்சியால் ஒவ்வொரு துண்டாகக் குத்திச் சாப்பிட்டாள். முடித்ததும் தட்டை நீட்டி, “இன்னொரு ப்ளேட்” என்றாள். நான் பக்கத்தில் அவளுடைய கைப்பையையும் ரிப்போர்ட் உறையையும் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைத் திட்டவில்லை, அழவில்லை. இரண்டாவது தட்டையும் காலி செய்துவிட்டுக் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, “போலாங்க” என்றாள்.

பஸ்ஸில் நான்தான் பேச்சை எடுத்தேன். “அம்மாகிட்ட இப்ப சொல்ல வேண்டாம். மூணு மாசம் ஆகட்டும். சரியாயிட்டா சொல்லவே தேவையில்லையே.”

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, “அதுவரைக்கும் வெந்தயம்?” என்றாள்.

“அம்மா வந்தா மட்டும் குடிச்சுக்கோயேன்.”

“சரிங்க.”

அன்று சாயங்காலமே மேசையைக் காற்று வரும் இடத்துக்கு இழுத்துப் போட்டேன். லேப்டாப்பின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்த அடியில் இரண்டு மரக்கட்டைகள் வைத்தேன். அடியில் காற்று போக வழி கிடைத்ததும் எண் எழுபத்தெட்டுக்கு வந்தது. அதற்கும் சுகம், எனக்கும் சுகம். ஐந்து வருஷமாகச் செய்யாமல் இருந்த காரியம் அது. செய்ய ஆனது பத்து நிமிடம்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து என் தங்கைக்கு வளைகாப்பு வந்தது. முதல் பிரசவம், ஏழாம் மாதம், கே.கே. நகரில் அவள் மாமியார் வீட்டில். எங்கள் பக்கத்து வளைகாப்பில் ஒரு வழக்கம் உண்டு. கர்ப்பிணிக்கு வளையல் அடுக்கி முடித்த பிறகு, குழந்தை இல்லாத ஒரு பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து அவளுக்கும் சந்தனம் பூசி வளையல் போடுவார்கள். அடுத்தது அவளுக்கு நிற்கும் என்று நம்பிக்கை. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் அதற்குள் என் மனைவி அப்படி நான்கு வளைகாப்புகளில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால், குறை அவளுக்கு என்று கூடியிருப்பவர்கள் முன்னால் இன்னொரு முறை முத்திரை குத்தி அனுப்புவதுபோல்தான்.

பத்திரிகை வந்த அன்று கேட்டாள். “இப்பவும் நான் உக்காரணுமாங்க?”

“வேண்டாம்” என்றேன். “அதுக்குள்ள நான் அம்மாகிட்ட சொல்லிடறேன்.”

“சொல்லுவீங்களா?”

“சொல்லுவேன்.”

அவள் பார்க்கவே ரிப்போர்ட்டைப் போனில் படம் எடுத்து, தேடாமல் கைக்குக் கிடைக்கும்படி தனியாக எடுத்து வைத்தேன். அம்மாவிடம் வாயால் சொல்வதைவிடக் காட்டுவது சுலபம் என்று கணக்கு. அந்த இரண்டு வாரத்தில் மூன்று தடவை உறையூர் போனேன். முதல் தடவை பக்கத்து வீட்டு அம்மாள் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் தடவை அம்மாவுக்குக் கால் வலி, நேரம் சரியில்லை என்று விட்டேன். மூன்றாம் தடவை யாரும் இல்லை, வலியும் இல்லை. மடியில் கனமிருந்தால் வழியில் பயம்தான். போனைக் கையில் எடுத்தேன், பேட்டரி எவ்வளவு என்று பார்த்தேன், திரும்பப் பையில் போட்டேன். கிளம்பும்போது அம்மா ஒரு பொட்டலம் கொடுத்தாள். “புது வெந்தயம். அவகிட்ட குடு, விடாம குடிக்கச் சொல்லு.” அதை வாங்கிக்கொண்டு வந்து அடுப்படியில் வைத்தேன். என் மனைவி பொட்டலத்தைப் பிரித்து வெந்தயத்தை டப்பாவில் கொட்டினாள்.

வளைகாப்பு அன்று காலை ஆட்டோவில் அவளே ஒரு முறை கேட்டாள், சொல்லியாயிற்றா என்று. “அங்க போய்த் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிடறேன்” என்றேன். அங்கே போனதும் சீர்த்தட்டு தூக்கும் வேலை வந்துவிட்டது. தாய்மாமன் ஆகப்போகிறவன் என்று எல்லோரும் என்னை உபசரித்தார்கள். ஆண்களெல்லாம் வெளியே பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, நான் மட்டும் தட்டோடு கூடத்துக்குள்ளே நின்றுகொண்டிருந்தேன். பதினைந்து, இருபது பெண்கள் இருந்தார்கள். தங்கைக்கு இரண்டு கைகளிலும் முழங்கைவரை கண்ணாடி வளையல். அவள் சந்தோஷமாக இருந்தாள். அதைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாகவே இருந்தது.

வளையல் அடுக்கி முடிந்ததும் அம்மா திரும்பி, “வாம்மா, வந்து பக்கத்துல உக்காரு. அடுத்து உனக்குத்தான்” என்று என் மனைவியைக் கூப்பிட்டாள்.

தங்கையின் மாமியார் வழியில் ஒரு பெரியம்மா, “உடம்பு சூட்டை மட்டும் குறைச்சுக்கோ தாயி. நீ குளுந்தா எல்லாம் நிக்கும்” என்றார்.

என் மனைவி எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்தாள். விடை தெரியும் என்று கை தூக்கிய பையனை டீச்சர் பார்க்கும் பார்வை அது. அந்தப் பையன் பதில் சொல்ல மாட்டான் என்று ஓரளவு தெரிந்துதான் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

தட்டைக் கீழே வைத்தேன். “அம்மா, அவளுக்கு ஒண்ணும் இல்ல. டெஸ்ட் எடுத்தாச்சு. குறை எனக்குத்தான்” என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னேன்.

யாரோ ஒருவரின் கையில் இருந்த வளையல் சரம் மட்டும் சலசலத்தது. அம்மா என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கிற்று. பிறகு சுற்றி இருந்தவர்களைப் பார்த்துச் சொன்னாள்: “பாத்தீங்களா? சபையில பொண்டாட்டியை விட்டுக் குடுக்க மாட்டான். பழியைத் தம்மேல போட்டுக்கறான் பாருங்க. அப்படியே அவங்கப்பா.”

“இல்லம்மா, நெசமாத்தான்.”

“தெரியும்டா, தெரியும். நீ சும்மா இரு.”

பெண்கள் சிரித்தார்கள். சிரிப்பில் கேலி இல்லை, பிரியம்தான் இருந்தது. “இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைக்கும்?” என்றார் ஒருவர். “குடுத்து வெச்சவ தாயி நீ. இவனுக்காகவாவது சீக்கிரம் ஒண்ணப் பெத்துக் குடு” என்றார் அந்தப் பெரியம்மா. தங்கைகூட என்னை ஒரு மாதிரிப் பெருமையோடு பார்த்தாள்.

போன் சட்டைப் பையில் இருந்தது. எடுத்து இரண்டு தடவை தொட்டால் ரிப்போர்ட். அதில் என் பெயர், வயது, எல்லாம் அச்சில் இருந்தது. தங்கையின் மாமியார் படித்தவர், வாங்கிப் படித்திருந்தால் ஒரே நிமிடத்தில் எல்லோருக்கும் விளங்கியிருக்கும். நான் எடுக்கவில்லை. ஏன் என்று பிறகு பலவிதமாக யோசித்துப் பார்த்தேன். சுபகாரியத்தில் வேண்டாம் என்று நினைத்தேன், அம்மாவுக்கு அவமானம் என்று நினைத்தேன் என்றெல்லாம் சொல்லலாம். உண்மை என்னவென்றால் அத்தனை பேரும் என்னை நல்லவன் என்று பார்த்தது சுகமாக இருந்தது. நிஜத்தைச் சொல்லியும் ஆயிற்று, அதனால் எனக்கு எந்தக் கஷ்டமும் வரவில்லை. அவ்வளவு வசதி எனக்கு வாழ்க்கையில் அடிக்கடி கிடைத்ததில்லை. நான் சிரித்தபடி நின்றேன்.

என் மனைவி எழுந்து போய்த் தங்கையின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒருவர் பின் ஒருவராக வந்து கன்னத்தில் சந்தனம் பூசினார்கள், வளையல் போட்டார்கள். எல்லோருக்கும் கையை நீட்டினாள். பெரியம்மா நலங்கு வைக்கும்போது காதோரம் குனிந்து ஏதோ சொன்னார், அவள் “சரிங்க” என்றாள். சாப்பாட்டில் புளியோதரையும் தேங்காய்ச் சாதமும் எலுமிச்சைச் சாதமும் இருந்தன. எதையும் வீணாக்காமல் சாப்பிட்டாள்.

மூன்று மணிக்குக் கிளம்பி, சத்திரம் பஸ் நிலையம் வந்து பஸ் மாறி, ஸ்ரீரங்கத்தில் இறங்கினோம். காவிரிப் பாலத்தில் கூட்ட நெரிசலில் பஸ் ஊர்ந்தது. அவள் கையில் வளையல் அதிகமாக இருந்ததால் டிக்கெட் எடுக்கப் பையைத் திறக்கச் சிரமப்பட்டாள். நான் எடுத்தேன். அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு இல்லை. பேச்சு இல்லாமல் இருப்பது நல்ல அறிகுறி என்று நினைக்க ஆரம்பித்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கையில் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொண்டு வளையல்களைக் கழற்ற உட்கார்ந்தாள். மறுநாள் பள்ளிக்கூடம். அத்தனை வளையலோடு போர்டில் எழுத முடியாது. அந்த வளையல் உடைந்தால் ஆகாது என்பதால் விரல்களைக் குவித்து, ஒவ்வொன்றாக, நிதானமாகக் கழற்றி ஒரு தட்டில் வைத்தாள். பாதி கழற்றிய பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

“போன்ல சார்ஜ் இல்லீங்களா?”

குரலில் குத்தல் இல்லை. இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு வழியைத் திறந்து வைத்துவிட்டுத்தான் கேட்டாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் அவளும் நம்ப முயன்றிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

“இருந்துச்சு” என்றேன்.

அவள் தலையசைத்துவிட்டு அடுத்த வளையலைக் கழற்றினாள்.